காலையில் ஒரு உயரம்

ஜெயந்தினி ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கிற லயத்தில், பக்கத்து அறையான காம்பராவில் யாரோ இருமினார்களே என்று எட்டிப் பார்ப்பாள். திரும்பி வருவதற்குள் தேத்தண்ணி பொங்கி அடுப்பை அணைத்திருக்கும். "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்பான் அவள் புருஷன் நிரஞ்சன். அவன் கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவன். எட்டு மணி நேரம் ஒரே மெஷினுக்கு முன்னால் அசையாமல் நிற்கக் கூடியவன். இந்த இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டவர் யாரோ, நல்ல குசும்பு பிடித்தவராக இருக்க வேண்டும்.

இந்த வருசம் சித்திரைக்கு முன்னாலேயே அந்தச் சக்கரத்துக்கு வேகம் கூடிவிட்டது. தலவாக்கலைக்கு மேலே இருக்கிற அவர்களுடைய தோட்டத்தில், மேல்கணக்கு டிவிசனில் கொழுந்தெடுக்கும் பெண்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, அவிசாவளைக்கு அந்தப் பக்கம் ரோலர் கோஸ்டர் இருக்கிற பார்க்குக்குக் கூட்டிப்போவதாக அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். வருசம் பிறந்து இரண்டாவது ஞாயிறு. காலையில் போய் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். திங்கட்கிழமை விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்க வேண்டும்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தியும் அப்படி ஓர் இடத்துக்குப் போனதில்லை. பஸ் பிடித்துப் போனதெல்லாம் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும்தான். சும்மா சிரித்துவிட்டு வருவதற்காகப் பஸ் பிடிப்பது என்றால் லயத்து ஆம்பளைகளுக்கே கொஞ்சம் விளங்காத சங்கதி. "கோயில் இல்லாத ட்ரிப்பா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெயந்தினி ஒரே பதில் வைத்திருந்தாள். "சாமிக்கும் ஒருநாள் லீவு குடுப்போமே!"

ஆசை வந்தது மகள் தனுஜாவின் போனிலிருந்து. தனுஜாவுக்குப் பதினைந்து வயது. யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றைக் காட்டினாள். தண்டவாளத்தில் ஒரு வண்டி மெல்ல மெல்ல ஏறுகிறது, உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் தலைகுப்புற விழுகிறது. தனுஜா சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தாள். ஜெயந்தினி விடவில்லை. திரும்பப் போடச் சொன்னாள். அதற்குப் பிறகும் திரும்பப் போடச் சொன்னாள்.

ஜெயந்தினி பிறந்ததிலிருந்து ஏறுவதும் இறங்குவதும்தான் பிழைப்பு. லயத்திலிருந்து மலைக்கு ஏற வேண்டும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கிற தராசுக்கு இறங்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், அது பரவாயில்லை. இறங்கும்போதுதான் உயிர் போகும். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுப் பக்கம் கொழுந்துச் சாக்கு தொங்கும். பெருவிரலை மண்ணில் ஊன்றி ஊன்றி, கல் புரளுமா, கால் வழுக்குமா என்று பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில் ஒருநாள்கூட அவள் பயமில்லாமல் கீழே வந்ததில்லை. அந்த வீடியோவில் சனங்கள் எதையும் பிடிக்காமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டு விழுந்தார்கள். விழுந்து எழும்பியதும் சிரித்தார்கள். ஒரு தடவை அப்படி இறங்கிப் பார்க்க வேண்டும், அது ஒன்று போதும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

ஏழாவது தடவை பார்க்கும்போதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. வண்டியில் ஏறுகிற இடத்தில் ஒரு பலகை, பலகையில் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் 140 என்று எழுதியிருந்தது.

"அது என்னா புள்ள கோடு?"

"அது ஒசரம்மா. நூத்தி நாப்பது சென்டிமீட்டருக்குக் கொறைஞ்சா ஏத்த மாட்டாங்க. பெல்ட்டு சரியாப் புடிக்காதாம்" என்று தனுஜா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பிறகு கண்ணை எடுத்தாள். தாயை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தாள். "ஐயோம்மா!"

ஜெயந்தினி குள்ளம். மலையில் யாரும் அதை மறைத்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்து வகுப்புப் படத்தில் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பவள் அவள். வலைப்பந்துக்குப் பேர் கொடுக்கப் போனபோது மாஸ்டர் சிரித்துவிட்டு, ஓட்டப் போட்டியில் நாடா பிடிக்கச் சொன்னார். பதினெட்டு வயதில் வேலைக்குப் பேர் பதிந்து முதல் நாள் பெரட்டில் நின்றபோது, கந்தப்பன் கங்காணி, "இது தேயிலைக்குக் கீழ போயிட்டா எங்கன்னு தேடுறது?" என்று கேட்டார். களமே சிரித்தது. மற்றவர்களுக்கு இடுப்பளவு வரும் தேயிலை அவளுக்கு நெஞ்சுக்கு வரும். அவள் சட்டையில் கறை படிகிற இடமே வேறு. ஆனால் மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்கள். இந்த இருபது வருசத்தில் அவளை மிஞ்சிக் கொழுந்தெடுத்தவள் மேல்கணக்கில் இல்லை. கங்காணி இப்போது சிரிப்பதில்லை, யாருமே சிரிப்பதில்லை.

இனிமேல் சிரிப்பார்கள். தானே பேர் சேர்த்துக் கூட்டிப்போன பதினேழு பேருக்கு முன்னால், சின்னப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற மாதிரி ஒருவன் தன்னைத் திருப்பி அனுப்பப் போகிறான் என்று நினைத்ததுமே அவள் மகள் கையிலிருந்த போனைத் தள்ளிவிட்டாள். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடலாம். ஆனால் அந்த உச்சி, அந்த விழுகை. அதை விடவும் மனசு வரவில்லை.

பெட்டிக்கு அடியில், தனுஜா வயிற்றிலிருந்தபோது கொடுத்த கிளினிக் அட்டை கிடந்தது. உயரம் என்ற இடத்தில் மிட்வைப் நோனா 139 என்று எழுதி, சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார். தாய் குள்ளம், பிரசவத்தில் கவனம் என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு அந்த வட்டத்தை ஜெயந்தினி பொருட்படுத்தவில்லை. இன்றைக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. ஒரு சென்டிமீட்டர்! சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது.

தனுஜா தையல் வகுப்புக்குக் கொண்டுபோகும் டேப்பை எடுத்து வந்து, காம்பராக் கதவு நிலையில் நூற்று நாற்பதில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். வேலை முடிந்து வந்த களைப்போடு ஜெயந்தினி நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். தனுஜா தலையில் பள்ளிக்கூட நோட்டுக் கொப்பியை வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"ஒன்ற சென்டிமீட்டர் கொறையுதும்மா. அட்டையில இருக்கிறதவிடக் கொறைஞ்சு போயிட்டீங்க."

அன்றைக்கு ஜெயந்தினிக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் மகளை உலுக்கி எழுப்பி, இன்னொரு தரம் அளக்கச் சொன்னாள். தனுஜா தூக்கக் கலக்கத்தில் கொப்பியை வைத்தாள். கொப்பி கோட்டைத் தொட்டது.

"நேத்து நீ சரியாப் புடிக்கல புள்ள."

"சரியாத்தான் புடிச்சேன்!"

அன்று மாலை அளந்தபோது திரும்பவும் குறைந்திருந்தது. மறுநாள் காலையில் தொட்டது, மாலையில் குறைந்தது. இப்படி நாலு நாள். ஏதாவது செய்வினையாக இருக்குமோ என்று ஜெயந்தினிக்கு ஒரு சந்தேகம்கூட வந்தது. தனுஜா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லா மனுசருக்கும் அப்படித்தானாம். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை பகலில் அமுங்கும், படுத்துத் தூங்கினால் திரும்ப உப்பும். உட்கார்ந்தாலும் அமுங்கும். பாரம் தூக்குகிறவர்களுக்கு இன்னும் அமுங்கும்.

ஜெயந்தினி கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை தன் முதுகிலேயே தினமும் நடக்கிறது என்று இத்தனை வருசமாக அவளுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று தரம் சாக்கைச் சுமந்துகொண்டு தராசுக்கு இறங்குகிறாள். ஒவ்வொரு தரமும் ஒரு மயிரிழை போகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால் திங்கட்கிழமை காலையில்தான் அவள் நல்ல உயரம், கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு நிற்பாள். சனிக்கிழமை பாரம் இறங்கினால் ஞாயிறு காலையில் கொப்பி கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பயணம் போவதோ ஞாயிற்றுக்கிழமை.

ஆக, செய்ய வேண்டியது மூன்று. சனிக்கிழமை சாக்குத் தூக்கக் கூடாது. பஸ்ஸில் உட்காரக் கூடாது. பொழுது ஏறுவதற்கு முன்னால் அந்தப் பலகைக்குப் போய் நின்றுவிட வேண்டும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சாகும்வரை அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

பத்து மணித் தேத்தண்ணிக்கு மலையில் எல்லாரும் உட்கார்ந்தபோது அவள் நின்றுகொண்டே நேரத்தை அறிவித்தாள். பஸ் விடியக்காலை நாலு மணிக்கு. வழியில் எங்கேயும் நிற்காது.

"நிக்காதா? கினிகத்தேனையில தேத்தண்ணிகூட இல்லியா?" என்றாள் ஒருத்தி.

"போத்தல்ல ஊத்திக் கொண்டாங்க."

"கித்துல்கலையில ஆத்தப் பாக்க வேணாமா?"

"திரும்பி வரையில பாக்கலாம்."

எல்லாரிலும் மூத்தவளான அம்மாக்கண்ணு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "அது கெடக்கட்டும். அம்மாம் பெரிய சக்கரத்துல ஏறப்போறோம், ரோதமுனிக்குப் பொங்கல் வைக்காமெயா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ரோதமுனி தேயிலை ஸ்டோரின் ரோதைக்கு, அந்தப் பெரிய சக்கரத்துக்கு, காவல் சாமி. சுற்றுகிற எதுவும் அவர் கணக்கில்தான் வரும். வருசா வருசம் மெஷினுக்கு முன்னால் அவருக்குப் பொங்கல் வைக்காமல் அந்த ஸ்டோரில் சக்கரம் சுற்றியதில்லை. ஞாயிறு விடியக்காலை பொங்கல் வைத்து, படைத்து, தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்புவது என்றால் ஏழு மணியாகும். பார்க்கில் போய் இறங்கும்போது பதினொன்று ஆகிவிடும். ஜெயந்தினி அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"சனிக்கெழம பின்னேரமே பொங்கிருவோம். முனி ஒரு ராத்திரி பொறுக்க மாட்டாரா?"

"சாமிக்கு லீவுங்கிற, இப்ப சாமிக்கு நேரமும் குறிக்கிறியா? நீ என்னா தொரையா?"

வாய் முற்றிக்கொண்டே போனது. அப்போது லெட்சுமி குறுக்கே விழுந்தாள். "அவ சொல்றதுலயும் நாயம் இருக்கு. நேரத்தோட போனாத்தானே நாலு தரம் ஏறலாம்? சனிக்கெழமையே பொங்குவோம்." லெட்சுமி சொன்னால் அம்மாக்கண்ணு கேட்பாள். லெட்சுமி யாரிடமும் சண்டைக்குப் போகாதவள்.

லெட்சுமி அடுத்த லயம். வகுப்புப் படத்தில் ஜெயந்தினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அன்றைக்கு இருவரும் ஒரே அளவு. பிறகு லெட்சுமி வளர்ந்துவிட்டாள் என்பது மலையின் அபிப்பிராயம். நிமிர்ந்த நடை, உச்சந்தலையில் தூக்கி முடிந்த கொண்டை. ஜெயந்தினியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளை யாரும் அளந்து பார்த்ததில்லை.

வருசம் பிறந்தது. புதுக்காசு கொடுக்கிற கைவிசேசமும் பலகாரமும் முடிந்து சனங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஜெயந்தினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையணை இல்லாமல் படுத்தாள். காலையில் பச்சை முட்டை குடித்தாள். ஒருநாள் பின்னேரம் லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு அவள் தொங்குவதை நிரஞ்சன் பார்த்துவிட்டான்.

"என்னா செய்யிற?"

"கொய்யா பறிக்கிறேன்."

நிரஞ்சன் மரத்தை ஒருதரம் பார்த்தான். ஒரு பிஞ்சுகூட இல்லை. "பறிச்சிட்டு எறங்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பயணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், அவள் கங்காணியிடம் லீவு கேட்டாள். கந்தப்பன் கையை விரித்தார். "மழை விழுந்து கொழுந்து பொங்கிக்கிட்டு நிக்கிது. இன்னைக்கு லீவு கேக்குற, நாளைக்குப் பூரா செட்டையும் ஏத்திக்கிட்டுப் போற, திங்கக்கெழம எத்தன பேரு எந்திரிச்சு வேலைக்கு வருவாங்களோ. எனக்கு மேல இருக்கிறவங்களுக்கு நான் என்னா சொல்றது? ஏலாது புள்ள."

கொழுந்து எடுத்தே தீர வேண்டும். எடுத்ததைத் தராசுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். முதல் சாக்கு நிறைந்தபோது ஜெயந்தினி அதைக் கையால்கூடத் தூக்காமல் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த தேயிலை நெரையில் லெட்சுமி தன் சாக்கைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"லெட்சுமி, இடுப்புப் புடிச்சிக்கிச்சுடி."

இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. பொய் தானாகவே வாயில் வந்து விழுந்தது.

"ஐயோ, நாளைக்குப் பயணத்த வச்சுக்கிட்டு ஏண்டி தூக்குற? எடு இங்க." லெட்சுமி தன் சாக்கு முதுகில் தொங்க, ஜெயந்தினியின் சாக்கை வாங்கிக் கொண்டைக்கு மேல் வைத்துக்கொண்டாள். இரண்டு சாக்கோடு, பெருவிரலை ஊன்றி ஊன்றி, ஏழாம் நம்பர் மலையிலிருந்து தராசுக்கு இறங்கினாள். ஜெயந்தினி கையை வீசிக்கொண்டு பின்னால் போனாள். மத்தியானமும் அப்படியே. பின்னேரம் மூன்றாவது தரம் போகும்போது லெட்சுமிக்கு மூச்சு வாங்கியது. வழியில் ஒரு தரம் நின்று சாக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு மட்டும் நீ எம் பக்கத்துல உக்காரணும். அத நெனச்சாலே எனக்குக் கை காலு ஒதறுது. ஆனா ஏறணும்டி. கண்ண மூடிக்கிட்டு உன் கையப் புடிச்சிக்கிறேன்."

"உக்காராமெ? நான் புடிச்சிக்கிறேன்" என்றாள் ஜெயந்தினி. அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. தாவணி போட்ட காலத்திலிருந்து தெரிந்தவளிடம்கூடத் தன் உயரக் குறைவைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று பின்னேரம் முனிக்குப் பொங்கல் பொங்கியது, தேங்காய் உடைந்தது. ஜெயந்தினி வேண்டிக்கொண்டது ஒரே ஒரு சென்டிமீட்டரைத்தான்.

பஸ் நாலரைக்குக் கிளம்பியது. ஏறியதும் ஜெயந்தினி பின்சீட்டுக்குப் போய் நீளமாகப் படுத்துக்கொண்டாள். அவளுக்குத் தேவையே இல்லாத அத்தனை இடமும் அந்தச் சீட்டில் இருந்தது. வாந்தி வரும் போலிருக்கிறது என்று சொன்னாள். சும்மா படு என்று எல்லாரும் சொல்லி எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். பின்சீட்டில் இடம் போட்டிருந்த லெட்சுமி எழுந்துபோய் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அட்டன், வட்டவளை, கினிகத்தேனை என்று வளைவுகளில் பஸ் சுற்றிச் சுற்றி இறங்கியது. தாய்மாரோடு கூட வந்த தனுஜாவும் மற்றப் பிள்ளைகளும் பாடினார்கள். ஜெயந்தினி கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். முன்னால் எஞ்சின் சூட்டில் லெட்சுமி தூக்கித் தூக்கிப் போடப்பட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பார்க்கில் இறங்கியபோது எட்டே முக்கால். மலையில் போட்டுவந்த ஸ்வெட்டரைக் கழற்றாமல் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. தண்ணீர்ச் சறுக்கல் ஒரு பக்கம், சுற்றும் கிண்ணங்கள் ஒரு பக்கம் என்று பெண்கள் வாயைப் பிளந்து நிற்க, ஜெயந்தினி, "மொதல்ல ரோலர், மொதல்ல ரோலர்" என்று ஆட்டுக்குட்டிகளை ஓட்டுவது போல அவர்களை ஓட்டிக்கொண்டு போனாள். இன்னும் வரிசை சேரவில்லை. அவள்தான் முதலில் போய் நின்றாள். தலைக்குமேல் தண்டவாளம் வானத்தில் வளைந்து கிடந்தது. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பலகையை மட்டுமே பார்த்தாள்.

வாசலில் நின்ற வாலிபன் பெரிய ஆட்களை அளக்கவில்லை. சந்தேகம் வந்தவர்களை மட்டும் நிறுத்தினான். ஜெயந்தினியைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "அம்மே, மெதென ஹிட்டகண்ட" என்று, இங்கே நிற்கும்படி சிங்களத்தில் சொல்லிப் பலகையைக் காட்டினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலையும் முதுகையும் பலகையில் ஒட்டி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தலையில் ஒரு சின்னப் பலகை வந்து உட்கார்ந்தது. பின்னால் பதினேழு பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இங்கே உயரம் அளப்பார்கள் என்பது அவர்களுக்கு இப்போதுதான் விளங்கியது.

"ஹரி. யண்ட."

சரியாம், போகலாமாம். ஜெயந்தினி "ஹே" என்று ஒரு சத்தம் போட்டாள். செருப்பை மாட்ட மறந்து வெறுங்காலோடு உள்ளே ஓடினாள். முன்வரிசையில் ஏறி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டைக் கையால் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

வாலிபன் லெட்சுமியை நிறுத்தியிருந்தான். கொண்டையை அவிழ்க்கச் சொன்னான். லெட்சுமி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே அவிழ்த்தாள். முடி தோளில் விழுந்தது. விழுந்ததும் அவள் வேறு யாரோ ஒரு சின்ன மனுசியாகத் தெரிந்தாள். பலகையில் நின்றாள். தலைக்குமேல் சின்னப் பலகையை வைத்தவன், குனிந்து பார்த்து, இன்னொரு தரம் வைத்துப் பார்த்தான்.

"பே அம்மே." முடியாது. அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று விரலால் காட்டினான். அந்தப் பையன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவன் வேலையே அதுதான்.

மற்றப் பெண்கள் "அடடா" என்றார்கள். "கொண்டைய வச்சே இத்தன காலம் நம்மள ஏமாத்திட்டியேடி!" என்றாள் அம்மாக்கண்ணு. லெட்சுமியும் சிரித்தாள். "நல்லதாப் போச்சு. எனக்கு எப்பிடியும் பயந்தான். பைகளக் கொண்டாங்க, நான் வச்சிருக்கேன்" என்றாள். மற்றவர்கள் எல்லாரும் பைகளை அவளிடம் கொடுத்தார்கள். அவள் அவற்றைத் தோளிலும் கையிலும் மாட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே போய் நின்றாள்.

ஜெயந்தினி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று தரம் இரண்டு சாக்கு. அதற்குமேல் நாலு மணி நேரம் எஞ்சின் பெட்டி. அந்த அரை சென்டிமீட்டர் எங்கே போனது என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எழுந்து இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தாள். தனுஜா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட் பூட்டினார்கள். கம்பி இறங்கியது. எழவில்லை.

வண்டி மெல்ல ஏறியது. கீழே எல்லாம் சிறுத்துக்கொண்டு போனது. லெட்சுமி பைகளுக்கு நடுவில் ஒரு கையை விடுவித்து ஆட்டினாள். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு விழுந்தது. ஜெயந்தினி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தைப் போட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, அந்தக் கொஞ்ச நேரம் அவள் லெட்சுமியைச் சுத்தமாக மறந்துபோனாள்.

வண்டி நின்றது. மற்றவர்கள் இன்னொரு தரம் ஏற வரிசைக்கு ஓடினார்கள். ஜெயந்தினி வேலிக்கு வெளியே வந்தாள். லெட்சுமி அவளுடைய செருப்பைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

"எப்பிடிடி இருந்திச்சு?" லெட்சுமியின் முகமெல்லாம் ஆசையாக இருந்தது.

ஜெயந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு இடுப்பெல்லாம் புடிக்கலடி" என்று ஆரம்பித்தாள். கிளினிக் அட்டை, கதவு நிலை, காலையில் ஒரு உயரம் மாலையில் ஒரு உயரம், பின்சீட்டு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள். "நீ தூக்கலன்னா நீ ஏறியிருப்ப. உன் ஒசரத்தத்தான் நான் திருடிக்கிட்டேன்."

லெட்சுமி தோளிலிருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஜெயந்தினி அவளை இப்படிப் பார்த்ததே இல்லை.

"நேத்து ராத்திரி கழுத்தத் திருப்ப ஏலாமெக் கெடந்தேன். எம் மக தைலம் தேச்சு விட்டா. உனக்கு ஏலாமெக் கெடக்குன்னு நம்பித்தானே தூக்குனேன்? இதுக்குன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஆளுக்கொரு சாக்கா யாரையாச்சும் கேட்டிருப்போம். ரெண்டு பேரும் அந்தப் பின்சீட்டுல படுத்து வந்திருப்போமே!"

"வா லெட்சுமி, அந்தப் பையன்கிட்டக் கெஞ்சிப் பாப்போம். இல்லாட்டி என்னைய ரெண்டு அறை அறை."

"அறைஞ்சா நான் மேல போயிட்டு வந்த மாதிரி ஆயிருமா?"

மேலே வண்டி அடுத்த சுற்றுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணுவின் குரல் இங்கேவரை கேட்டது, முனியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லெட்சுமி கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு நிமிர்ந்து, வண்டி உச்சிக்குப் போகும்வரை பார்த்தாள். அது விழுந்ததும் ஜெயந்தினியின் மணிக்கட்டை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள்.

"அழுவாத. ஏறுனதுலருந்து எறங்குன வரைக்கும் சொல்லு. ஒண்ணு வுடாமெச் சொல்லு. அதுல பாதி என்னோடது."

ஜெயந்தினி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெல்ட் பூட்டிய இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.